நான் மறைத்த இரண்டரை விநாடி

அந்த வகுப்பில் சேர்ந்தவன் நான். என் மனைவி எனக்குத் துணையாக வந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த மூன்று மாதமும் எனக்குள் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஐரோப்பாவில் நவீன விஞ்ஞானச் சிந்தனை எப்படித் தொடங்கியது என்பது பற்றிப் பத்துச் சனிக்கிழமை வகுப்புகள், முன்னறிவு தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசிச் சொற்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முன்னறிவு இருந்தது. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துப் பட்டம் பெற்றவன் நான். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். லண்டனுக்கு வந்தபின் இருபத்தாறு வருடமாகத் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. அதிகாலை ஷிப்ட். பிற்பகல் ஒன்றரை மணிக்கு வீட்டில் நிற்பேன். அந்த இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் பௌதிகத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மனைவி மன்னார்க்காரி. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையோடு அவளுடைய படிப்பு நின்றுபோனது. இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். மகள் கல்யாணம் முடித்து லண்டனின் மறுகோடியில் சட்டனுக்குப் போன பிறகு சனிக்கிழமைகளில் அவளுக்குப் பொழுது போவதில்லை.

"வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யிறது, நானும் வாறன்" என்றாள்.

"உமக்கு விளங்காது."

"விளங்காட்டிப் பின்னாலை இருந்து பின்னுறன்" என்று சொல்லி, கம்பளி நூலையும் ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

நூலகத்தின் மேல்மாடியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆசிரியை எழுபது வயது தாண்டிய, நெடிய வெள்ளைக்காரப் பெண்மணி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அந்த அறையில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாததால் கோட்டைக் கழற்றாமலே நின்றார். மேசையில் ஒரு கிரிக்கெட் பந்தையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குண்டையும் வைத்தார். ஒரே உயரத்திலிருந்து இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் விழும் என்று கேட்டார்.

நான் கையை உயர்த்தினேன். இரண்டும் ஒன்றாகத்தான் விழும் என்றேன். புவியீர்ப்பினால் வரும் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், எல்லாப் பொருளுக்கும் ஒன்று என்று சொல்லி, அதன் பெறுமானத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படித்திருக்கிறேன்."

"விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

நான் யோசித்தேன். ஐம்பத்தெட்டு வயதில், பௌதிகப் பட்டதாரியாக, நான் ஒரு தரமும் இரண்டு பொருளை ஒன்றாக விட்டுப் பார்த்ததில்லை. "இல்லை" என்றேன். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். நக்கல் சிரிப்பில்லை. ஆனாலும் சிரிப்புத்தான்.

ஆசிரியை பார்வையைப் பின்வரிசைக்குத் திருப்பினார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

என் மனைவி ஊசியை மடியில் வைத்தாள். முதியோர் இல்லத்தில் பழகிய ஆங்கிலம் அவளுடையது. குட்டிக் குட்டி வசனங்களாகப் பேசுவாள். "எனக்குத் தெரியாது. வேலையில் நிறையச் சாமான் விழும். ஆனால் இரண்டு சாமான் ஒன்றாக விழுந்து நான் பார்க்கவில்லை. கதிரையில் ஏறி விட்டுப் பார்க்கலாமா?"

ஏறினாள். விட்டாள். தரையில் ஒரே ஒரு சத்தம் கேட்டது. அவள் இறங்கி, இரண்டையும் பொறுக்கிக்கொண்டு, கேளாமலே மறுபடி ஏறினாள். மூன்று தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்து இருந்தாள்.

ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. பாரமானது வேகமாக விழும் என்று பழைய கிரேக்கப் புத்தகங்களில் எழுதியிருந்ததாம். அதை ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் நூற்றாண்டு நூற்றாண்டாகப் படிப்பித்தார்களாம். படித்தவர்களில் மிகச் சிலரைத் தவிர எவரும் ஏறி நின்று விட்டுப் பார்க்கவில்லையாம். "இன்றைக்கு நான் ஒரு மணித்தியாலம் பேசிச் சொல்ல இருந்ததை இவர் செய்து காட்டிவிட்டார்" என்றார்.

படியிறங்கும்போது சக மாணவர் ஒருவர் பின்னால் வந்தார். சென்னைக்காரர், வங்கி ஒன்றில் கணினி வேலை. "அக்கா செமையா கேட்டாங்க சார். ஆன்சர் தெரியும்னு நானும் சும்மாதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

"ஓமோம்" என்றேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சின்ன இடத்தில் எரிந்தது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை கம்பளி நூல் வரவில்லை. சிவப்பு மட்டை போட்ட கொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். வகுப்பில் ஆசிரியை சொன்னவற்றைத் தமிழில் எழுதினாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சந்தேகம் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் நான் நல்லவனாக இருந்திருப்பேன். கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் தானே யோசித்தாள்.

என்னை இன்னொன்றும் குத்தியது. ஆசிரியை அவளுடைய பெயரைப் பாடமாக்கி வைத்திருந்தார். மன்னாரில் அவளுடைய தாய் கூப்பிட்டிருப்பதுபோல, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் கூப்பிட்டார். என்னை அவர் மற்றவர்களிடம் குறிப்பிட்டது இரண்டே சொல்லில். இவருடைய கணவர்.

மூன்றாவது சனிக்கிழமை தொலைநோக்கி பற்றிய பாடம். இத்தாலியில் ஒருவர் குழாயில் கண்ணாடி பொருத்தி வானத்தைப் பார்த்தார். வியாழனைச் சுற்றி நான்கு சின்ன ஒளிப்புள்ளிகள் ஓடுவதைக் கண்டார். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகிறது என்று படித்தவர்களைக் கூப்பிட்டு, வந்து பாருங்கள் என்றார். சில பேராசிரியர்கள் குழாய்க்குள் கண்ணை வைக்கவே மறுத்துவிட்டார்களாம். ஏன் மறுத்திருப்பார்கள் என்று ஆசிரியை எங்களைக் கேட்டார். பயம் என்றார் ஒருவர். மதம் என்றார் இன்னொருவர்.

என் மனைவி சொன்னாள்: "பாவம், அவர்கள் அவ்வளவு வருடம் படித்தவர்கள். பார்த்தால் படித்தது போய்விடும். பிறகு அவர்களிடம் என்ன இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள். அன்று பின்னேரம் முழுவதும் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

அதற்கடுத்த பாடத்தில் அதே இத்தாலிக்காரரின் இன்னொரு கதை வந்தது. உண்மையோ, பிறகு கட்டிய கதையோ தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆசிரியை தொடங்கினார். அவர் இளைஞராக இருந்தபோது கோயிலில் தொங்கிய விளக்கு ஒன்று ஆடுவதைக் கவனித்தாராம். கைக்கடிகாரம் இல்லாத காலம். தன்னுடைய நாடியில் விரலை வைத்து எண்ணினாராம். விளக்கு அகலமாக ஆடினாலும் குறுகி ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் ஒன்றாகவே இருந்ததாம்.

நாடி என்றதும் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாளுக்கு இருபது பேருக்கு நாடி பார்க்கிறவள் அவள்.

மறுநாள் ஞாயிறு. ஃபாரஸ்ட் கேட்டில் மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருந்தோம். பீடத்துக்குப் பக்கத்தில் நீளச் சங்கிலியில் சிவப்பு விளக்கு ஒன்று தொங்கும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணை அன்று அதில் மெழுகுதிரியை மாற்றிவிட்டுப் போனார். விளக்கு ஆடத் தொடங்கியது. சுவாமி பிரசங்கத்தில் நிற்கிறார். பக்கத்தில் பார்த்தால் இவள் இடது மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, உதடு அசைய இருக்கிறாள். எனக்குப் பதறிப்போனது.

"என்ன, நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. விளக்கை எண்ணுறன்."

"கோயிலுக்கை உந்த வேலை வேண்டாம்."

"அந்தாளும் கோயிலுக்கை இருந்துதானே எண்ணினவர்" என்றாள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது கொப்பியில் எழுதினாள். தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் ஆட்டத்துக்கு நாடித் துடிப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததாம். "ஆனா விளக்கு அவ்வளவு அகட்டி ஆடேல்லை. நல்லா அகட்டி விட்டா என்ன வரும்?"

"அதுவேதான் வரும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நான் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது ஒரு பித்தளை ஆமைப்பூட்டு என் முகத்துக்கு நேரே வந்து, தொடாமல் திரும்பிப் போனது. எங்கள் வீட்டில் வாசலிலிருந்து குசினிவரைக்கும் நீளமான ஒடுங்கிய நடை. மேல்மாடிப் படிக்கட்டின் கைபிடியில் நைலோன் நூலைக் கட்டி, பின்வளவுக் கொட்டகைக்குப் போடும் பூட்டை அதில் தொங்கவிட்டிருந்தாள். அன்று அவளுக்கு வேலை இல்லாத நாள். கையில் போன், தரையில் சிவப்புக் கொப்பி.

"கதவைச் சாத்துங்கோ, காத்துப் பட்டா நூல் ஆடும்" என்றாள். சாத்தினேன். "இஞ்சை பாருங்கோ. ஒரு சாண் இழுத்து விட்டா இருபது ஆட்டத்துக்கு அம்பது செக்கன். நல்லா மேலை தூக்கி அகட்டி விட்டா அம்பத்திரண்டரை. ஆறு தரம் பாத்திட்டன்."

"பிழை."

"என்ன பிழை?"

"நேரம் ஒண்டாத்தான் வரும். நூலின்ரை நீளத்திலைதான் அது தங்கியிருக்கு. எவ்வளவு அகட்டி ஆட்டினாலும் மாறாது. நான் படிப்பிச்சனான்."

"அப்ப ஏன் கூட வருது?"

"நீர் போனை அமத்திறது பிந்துது."

அவள் பூட்டைக் கையில் பிடித்து நிறுத்தினாள். "ஆறு தரமும் ஒரே அளவாவே பிந்தும்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சாப்பாடு எங்கே என்று கேட்டேன்.

மறுநாள் அதிகாலை, கடிதங்களைப் பிரித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. ஊசலின் சமன்பாட்டை நிறுவும்போது இரண்டாவது வரியிலோ மூன்றாவது வரியிலோ எழுதுவோம்: கோணம் சிறிதெனக் கொள்க. சோதனைகளில் நான் எழுதியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கோணம் சிறிதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் கை கடிதங்களைத் தவறான பெட்டிகளில் போடத் தொடங்கியது. மேற்பார்வையாளர் வந்து சுகமில்லையா என்று விசாரித்தார்.

அன்று அவளுக்குப் பகல் ஷிப்ட். நான் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே பூட்டை இழுத்துவிட்டேன். ஒரு சாணுக்கு ஐம்பது. அகட்டி விட்டேன். ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு. போனைச் சரியாக அமத்தவில்லை என்று இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு குசினிக் கதிரையை இழுத்து வந்து இருந்துகொண்டு பத்துத் தரம் பார்த்தேன். வந்த அளவுகளைக் கவுன்சிலிலிருந்து வந்த கடித உறையின் பின்பக்கம் எழுதினேன். பத்தும் அவள் சொன்னதையே சொல்லின.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் முதலாக நான் ஒன்றை என் கண்ணால் கண்டிருந்தேன். எனக்கு வந்தது அழுகைக்குக் கிட்டவான ஓர் எரிச்சல். இது எனக்குரியது என்று தோன்றியது. இந்தக் கேள்வி என் கொப்பியில் கிடந்தது, என் கையெழுத்தில் கிடந்தது. நான் எழுதி எழுதித் தாண்டிப் போன இடத்தில் இவள் ஒரு கொட்டகைப் பூட்டைக் கட்டிவிட்டு நின்று பார்த்திருக்கிறாள். நான்கு வருடம் விடுதியில் கிடந்து, பரிசோதனைச்சாலைப் புத்தகத்தில் முந்தின வருடக்காரர்களின் அளவுகளைப் பார்த்து எழுதித் தேறியவன் நான். அதையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அவள் பின்னேரம் வந்தாள். நூலின் முடிச்சு சற்று இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீங்களும் பாத்தனீங்களோ?"

"ஓம். பத்துத் தரம் பாத்தனான். ஒண்டாத்தான் வருது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன். "பத்துத் தரமுமோ?" என்றாள்.

"பத்துத் தரமும்."

"அப்ப எனக்குத்தான் எங்கையோ பிழைச்சுப்போச்சு" என்று சொல்லிக் கொப்பியை எடுத்தாள். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். அழிக்கவில்லை, கிழிக்கவில்லை, ஒரே ஒரு கோடு. எழும்பிப் போய்ப் பூட்டை அவிழ்த்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த உணர்ச்சியை மாற்றிச் சொல்ல மாட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று இரண்டு பிளேட் சோறு சாப்பிட்டேன்.

எட்டாவது கிழமைக்கு முன்னரே ஆசிரியை ஒன்று சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தாங்கள் செய்து பார்த்த ஏதாவது ஒன்றை அன்று வகுப்பில் சொல்ல வேண்டும், வெற்றியோ தோல்வியோ பரவாயில்லை என்று. அன்றைய பாடமும் அதற்கேற்றதுதான். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் இந்த லண்டனில்தான் சில பேர் கிழமைதோறும் ஓர் அறையில் கூடினார்களாம். ஒருவர் தன் வீட்டில் ஒன்றைக் கண்டேன் என்று சொன்னால், நல்லது, எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள் என்பார்களாம். செய்வார்கள், எல்லோரும் நின்று பார்ப்பார்கள், பார்த்ததை எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். சொன்னவர் எவ்வளவு பெரிய பிரபுவாக இருந்தாலும் சொன்னது மட்டும் போதாது என்பதுதான் அந்த மனிதர்கள் உலகத்துக்குக் கொடுத்த பெரிய பழக்கம் என்றார் ஆசிரியை.

சென்னைக்காரர் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எது முதலில் உறையும் என்று பார்த்த கதையைச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியில் மனைவி வைத்த மீனைத் தட்டிவிட்டு ஏச்சு வாங்கியதையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, நேரம் கிடைக்கவில்லை என்றேன்.

பிறகு என் மனைவி எழும்பினாள். கொப்பியைத் திறந்து, கோடு போட்ட பக்கத்தையே வாசித்தாள். சின்ன ஆட்டத்துக்கு ஐம்பது, பெரிய ஆட்டத்துக்கு ஐம்பத்திரண்டரை, ஆறு தரம். "என் கணவர் பௌதிகம் படித்தவர். அவரும் செய்து பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. ஆகவே என்னுடையது பிழையாக இருக்கலாம். ஆனால் பிழை எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதுதான் என் தோல்வி" என்று சொல்லி இருந்தாள்.

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "நல்லது. உங்கள் அளவுகளைச் சொல்கிறீர்களா?"

"எழுதி வைக்கவில்லை."

"ஒன்றுகூட?"

"இல்லை."

ஆசிரியை என்னைச் சந்தேகமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பரிவாகத்தான் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. "அப்படியானால் இங்கே செய்து பார்ப்பதுதான் ஒரே வழி. ஏதாவது பாரமான சாமான் இருக்கிறதா?"

என் மனைவி கைப்பையைத் திறந்து பூட்டை வெளியே எடுத்தாள். நூல் சுற்றியபடியே இருந்தது. எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

நூலகத்தின் உள்படிக்கட்டுக்கு மேலே கைபிடியில் சென்னைக்காரர் அதைக் கட்டினார். பன்னிரண்டு பேரும் கீழே நின்றோம். மூன்று பேர் தங்கள் போன்களில் நேரம் பார்த்தார்கள். என் மனைவி பூட்டை ஒரு சாண் இழுத்துவிட, எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். கீழே புத்தகம் பார்க்க வந்த சிலரும் நின்று எண்ணினார்கள். பிறகு அகட்டி விட்டாள். பத்தாவது ஆட்டத்திலேயே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் அது நிச்சயமாகத் தெரியும். இருபது என்று எல்லோரும் கத்தினார்கள். மூன்று போன்களும் காட்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான். அகட்டி விட்ட இருபது ஆட்டமும் முடிய இரண்டரை விநாடி பிந்தியிருந்தது.

இன்னும் இரண்டு தரம் செய்தார்கள். மாறவில்லை.

அந்த இத்தாலிக்காரர் இரண்டும் சமம் என்றுதான் நம்பினார் என்று ஆசிரியை விளக்கினார். சின்ன ஆட்டங்களுக்கு அது ஏறக்குறைய உண்மையாம். பெரிய ஆட்டம் பிந்தும் என்பதைக் காட்டியவர் பிறகு வந்த ஒல்லாந்தர் ஒருவர், ஊசல் கடிகாரம் செய்தவர். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஊரில் கோட்டை கட்டியவர்கள் மட்டும்தான். "உங்களுக்குப் பிழை எங்கேயும் இல்லை" என்று ஆசிரியை என் மனைவியின் பெயரைச் சொல்லிச் சொன்னார். "பிழை அந்தப் பெரிய மனிதருடையது. நீங்கள் அதைப் பிடித்துவிட்டீர்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைதட்டல்தான் அங்கே எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டிருக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த விதத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் மேல்தட்டில் முன்சீற்றில் இருந்தோம். அவள் கேட்டாள்.

"நீங்கள் மெய்யாத்தான் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எவ்வளவு வந்தது?"

"அம்பத்திரண்டு புள்ளி ஆறு."

இரண்டு நிறுத்தம் கடந்தது. ஒரு தாய் தள்ளுவண்டியை ஏற்றுவதற்காக பஸ் நெடுநேரம் நின்றது.

"ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

"எரிச்சல்."

"ஆரிலை?"

"உம்மிலை."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். "என்ரை கண்ணும் கையும் சரியா வேலை செய்யேல்லையோ எண்டு நான் இந்த மூண்டு கிழமையும் பயந்து திரிஞ்சனான். வேலையிலை நாடி எண்ணிப்போட்டு, நம்பேலாமல் திருப்பியும் எண்ணினனான். ஒரு கிழவி கேட்டுது, ஏன் பிள்ளை ரெண்டு தரம் பிடிக்கிறாய், எனக்கு ஏதும் கூடாதோ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?"

அதுவரைக்கும் நான் கொப்பியில் விழுந்த ஒரு கோட்டைத்தான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதரின் நாடிவரைக்கும் அது போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. மன்னித்துக்கொள்ளும் என்றேன். தமிழில் நாங்கள் கணவன் மனைவிக்குள் அப்படிச் சொல்வதில்லை. வாய்க்குள் அந்நியமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் சிவப்புக் கொப்பியைக் கேட்டேன். கோடு போட்ட பக்கத்துக்குக் கீழே என் பத்து அளவுகளையும் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதி வச்சிருக்கிறீங்களோ?"

"வச்சிருந்தனான். கிழிச்சுப்போட்டன்."

"கிழிச்சதை எழுதேலாது. மனசிலை நிக்கிறதையும் எழுதேலாது. திருப்பி அளவுங்கோ" என்றாள். அவளே பூட்டைக் கட்டினாள். நான் இழுத்து விட, அவள் நேரம் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். பத்துத் தரம். முடிந்ததும் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பிறகு எனக்குத் தேத்தண்ணி தந்தாள். தனக்கு ஊற்றிக்கொண்டு மேலே போய்விட்டாள். நான்கைந்து நாள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, அவளுக்கு மட்டும். நகரின் நடுவே ஒரு கல்லூரியில் இதே விடயத்தை ஒரு வருடம் படிக்கலாம், உங்களைப் பற்றி அவர்களிடம் பேசியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். விண்ணப்பத்தை அச்சடித்துக் கொடுத்தவன் நான். முன் கல்வி என்ற பெட்டிக்கு முன்னால் அவள் தயங்கினாள். "என்ன போட?" என்றாள். சாதாரண தரம் என்று நானே எழுதினேன். எழுதும்போது எனக்குள் ஒருவன், இதைப் பார்த்துவிட்டு அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னான். எடுத்துக்கொண்டார்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போகும்போது அது என்னோடு வீட்டில் நிற்கும். மகள் சட்டனிலிருந்து போன் எடுத்து, "அம்மா is amazing, அப்பா, no?" என்பாள். ஓம் என்பேன். உண்மைதான். அதைச் சொன்னவுடன் போனை வைத்துவிடப் பார்ப்பேன். அதுவும் உண்மைதான். அவளுக்குச் சமைத்து வைப்பேன். மீன் குழம்பு எனக்கு நன்றாக வரும்.

போன சனிக்கிழமை அவள் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டாள். ஒல்லாந்துத் துணி வியாபாரி ஒருவர் தானே கடைந்த குண்டூசித் தலையளவு கண்ணாடிக்குள்ளால் மிளகு ஊறிய தண்ணீரைப் பார்த்தாராம். அதேபோல ஒரு கண்ணாடியை இவர்களுக்கும் தந்து பார்க்கச் சொன்னார்களாம். "உள்ளுக்கை உயிர் ஓடுதப்பா! அவ்வளவு சின்னத் தண்ணித் துளிக்குள்ளை!"

அந்த உயிர்களின் பெயர் எனக்குத் தெரியும். எத்தனை வகை, எப்படிப் பெருகும் என்பதும் தெரியும். படம் பார்த்திருக்கிறேன். சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள், தலையாட்டுவாள், பிறகு சோற்றைப் போட எழும்பிவிடுவாள். பார்த்தவள் அவள். நான் பார்க்கவில்லை. அது எனக்கு எரிந்தது.

"எப்பிடி ஓடினது? நேராயோ, சுத்திச் சுத்தியோ?" என்று கேட்டேன்.

அவள் மேசையில் விரலை வைத்து ஓடிக் காட்டத் தொடங்கினாள்.